ஒரு கை வண்டி

பழைய ஜீப் பார்க்கப் போகிறவன் விடிந்ததும் போய்விட வேண்டும். விற்கிறவன் ஒரு தடவை கிளப்பி, சூடேற்றி, துடைத்து நிறுத்திவிட்டால் அப்புறம் எந்த வண்டியும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். பவுடர் போடுவதற்கு முன்னால் போய்ப் பெண் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது வண்டிக்குத்தான். பாலசமுத்திரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லப்பாண்டி என்றால் பழனி மலையில் ஜீப் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ‘பாண்டி பார்த்தாச்சா?’ என்று கேட்காமல் மேலே ஒரு பழைய வண்டி கைமாறாது. முப்பது வருஷமாக இப்படி. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை ஒளிப்பானேன்.

காசிநாதனுக்காகப் பூம்பாறைக்கு வண்டி பார்க்கப் போனது தை மாசக் கடைசியில். விடிந்ததும் அங்கே நிற்க வேண்டும் என்பதால் முதல் நாள் சாயங்காலமே பேத்துப்பாறைக்குப் போய் அவன் வீட்டில் இறங்கிக்கொண்டேன். காசிநாதன் எனக்குச் சொந்தம் கிடையாது. பதினாலு வருஷம் ஒரு காப்பி எஸ்டேட் ஜீப்பை ஓட்டினான். அந்த வண்டிக்குத் தும்மல் வந்தால்கூட என்னிடம்தான் கொண்டுவருவான். அவன் மனைவி மகாராணி என்னை அண்ணே என்று கூப்பிட்டதில் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆகிப்போனான்.

போன வருஷம் மிளகு பறிக்கிற நேரத்தில் எஸ்டேட்டில் ஆள் போதவில்லை. டிரைவருக்கு என்ன வேலை அங்கே? இவன் சும்மா இருக்க மாட்டாமல் ஏணியைச் சாத்தி, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறினான். ஏணி வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டு நொறுங்கிப் போய், இரண்டு தடவை ஆபரேஷன் ஆகி, எலும்பு சேர்ந்தது. விரல்கள் மட்டும் சேரவில்லை. மடக்கினால் பாதியோடு நின்றுவிடும். முதலாளி ஆறு மாசம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சாவியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காசிநாதன் பெண்களோடு சேர்ந்து காரட் கழுவவும் பூண்டு ஆயவும் கூலிக்குப் போனான். முந்தி அவன் ஹாரன் சத்தம் கேட்டு ஓடிவந்து ஜீப்பில் ஏறிய அதே பெண்கள். அவர்கள் இன்னமும் அவனை ‘டிரைவரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவனைக் கொன்றது.

சொந்தமாக ஒரு ஜீப் எடுத்துவிட்டால் யாரும் சாவியைப் பிடுங்க முடியாது என்று அவனுக்கு ஒரு வைராக்கியம். மாடு இரண்டையும் விற்றாகிவிட்டது. இதில் சறுக்கினால் மறுபடி எழுந்திருக்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்குச் சாப்பாடு பூண்டுக் குழம்பும் சௌசௌ பொரியலும். சாப்பிட்டதும் மகாராணி டீ கொண்டுவந்தாள். எனக்கு முன்னால் ஒரு கிளாஸை வைத்தாள். காசிநாதனுக்கு மட்டும் இடது பக்கம் கிடந்த பலகையை நகர்த்திவிட்டு, சுற்றிவந்து, வலது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“கை எப்படி இருக்கு மாப்ள?” என்று கேட்டேன்.

“கைக்கு என்ன மச்சான்? குளிருக்கு லேசா வெறைக்கும். அம்புட்டுதான். கியரு போடுறதுக்கு என்ன மல்லுக்கட்டவா போறோம்?”

“மகாராணி, நீ என்ன சொல்ற?”

“நான் என்னத்தண்ணே சொல்ல. வண்டி நல்ல வண்டியா இருந்தாச் சரி. நாளைக்கு நானும் வாரேன்.”

“நீ எதுக்கு?” என்றான் காசிநாதன். “ஜீப்பு பாக்கப் போறோம். சேல எடுக்கவா போறோம்?”

“என் ரெண்டு மாடு அங்க போகுதுல்ல. அது எங்க போகுதுன்னு நான் பாக்க வேணாமா?” என்றாள் அவள்.

வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து, கொடைக்கானலில் மாறி, பூம்பாறையில் இறங்கியபோது மேகம் ஊருக்குள் படுத்திருந்தது. படி படியாக இறங்கும் பூண்டு வயல்கள் மேலே இரண்டு படிதான் தெரிந்தன. பல் கிட்டித்துக்கொண்டது. காசிநாதன் இடது கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டிருந்தான். குளிரில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம் என்பதால் அது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

விற்கிறவர் சண்முகராஜ். அறுபத்தைந்து வயசிருக்கும். பூண்டு விவசாயி. கூடத்தில் அடுப்புப் புகை படுகிற மாதிரி விட்டத்தில் விதைப் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார். மனுஷரும் அதே புகை வாசனை அடித்தார். கண்ணில் சதை வளர்ந்து, ஒரு ஆபரேஷன் முடிந்து, இன்னொன்று பாக்கி. ‘இனி ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன்’ என்று திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் சொல்லிவிட்டாளாம்.

“நீங்க சொன்னபடியே சாவியத் தொடல பாண்டி. நேத்து மத்தியானம் நிறுத்துனது அப்புடியே கெடக்கு” என்றார்.

வண்டி தெருச் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. எண்பத்தெட்டு மாடல். முன் டயருக்கு ஒரு கல் அண்டை. பச்சைப் பெயிண்ட், மேலே தார்ப்பாய். பானட்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. மனுஷர் பொய் சொல்லவில்லை.

மலையில் பிறந்தவர்கள் ஒரு இடத்தில் ஏமாந்துபோவார்கள். இறக்கத்தில் நிறுத்திக் கல் வைப்பதும், கல்லை எடுத்து உருட்டியே கிளப்புவதும் இங்கே எல்லா வண்டிக்கும் வழக்கம். அதனால் ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா, செல்ஃப் எடுக்கிறதா என்று பார்க்கவே மாட்டார்கள். இரண்டும் செத்த வண்டியைச் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போவார்கள். நான் கீழ்நாட்டுக்காரன். கல்லைக் காலால் தள்ளிவிட்டேன். வண்டி அசையவில்லை. சாவியைத் திருப்பினேன். இரண்டு முனகல் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

“பாத்தியா மாப்ள, கல்ல எடுத்துட்டுல்ல பாக்கணும்!” என்றேன். எனக்கு அன்றைக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அப்புறம் என் கச்சேரி ஆரம்பமானது. காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தேன். பெயிண்டுக்குக் கீழே பட்டி பூசி மூடியிருந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவும். பின் கதவு ஓரத்தில் ஒரு உள்ளங்கை அகலம் நழுவியது. சண்முகராஜ் உடனே, “அது மாடு முட்டுனது” என்றார். கீழே சாக்கை விரித்துப் படுத்து, சேஸை முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். துரு தின்ற இடம் ‘பொத்’தென்று சொல்லும். எங்கும் கணீர் என்றுதான் சொன்னது. முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றி விற்றுவிட்டு, நாலு சக்கர இழுவை என்று லிவரை மட்டும் ஆட்டிக்காட்டுகிற ஆட்கள் உண்டு. இங்கே ஷாஃப்ட் இருந்தது, கிரீஸோடு. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன். ஆட்டம் இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுக்கும். இது கறுப்பாக, நல்லபடியாக இருந்தது. பெயிண்டைச் சுரண்டி, சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

காசிநாதன் என் பின்னாலேயே சுற்றிவந்தான். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட ஆட்ட அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மகாராணி தள்ளி நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிலிட்டரிக்காரர்கிட்ட நேரா எடுத்தது” என்றார் சண்முகராஜ். “பதினோரு வருசம். என் கையத் தவிர வேற கை பட்டதில்ல. மருமகனுக்குக்கூடக் குடுத்ததில்லையே! சுத்தமான ஒரு கை வண்டி. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் போன் மேல போன் அடிக்கிறாரு. அவுகளுக்கு வீட்டு வாசல்ல நிறுத்திப் போட்டோ எடுக்கணுமாம். எனக்கென்னமோ இது சோலி பாக்குற கையிக்குப் போகணும்னு இருக்கு.”

“ஓட்டிப் பாத்துருவோம்” என்றேன்.

முதலில் அவரே ஓட்டினார். பக்கத்தில் நான். பின் பலகையில் காசிநாதனும் மகாராணியும் எதிரெதிரே. ஊருக்கு மேலே ஏறி ஒரு ரவுண்டு போய், வயல்களுக்கு நடுவே இறங்கும் மண் பாதையில் இரண்டாவது கியரில் வண்டியை விட்டார். மேகம் விலகி, கீழே வேலப்பர் கோயில் கோபுரம் தெரிந்தது. பூண்டுத் தாள்களில் தண்ணீர் மினுங்கியது. கிழவர் அழகாக ஓட்டினார். பிரேக்கை மிதிக்கவே இல்லை; கியர் பிடித்துக்கொள்ள வண்டி தானாக மெல்ல மெல்ல இறங்கியது. நான் ஸ்டியரிங் ஆட்டத்தைப் பார்த்தேன், புகையைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டேன். திரும்பிக் காசிநாதனிடம் “எடுத்துரு மாப்ள” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஐயா” என்றாள் மகாராணி. “அந்த எடது கைய கொஞ்சம் எடுத்துட்டு ஓட்டுங்களேன்.”

“எந்தக் கைய தாயி?”

“கியரு மேல இருக்கே, அந்தக் கைய.”

சண்முகராஜ் குனிந்து தன் கையைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அட, அது சும்மா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்து மடியில் வைத்தார்.

பத்தடி போயிருக்காது. ‘டொக்’ என்று ஒரு சத்தம். லிவர் தானாக எகிறி நடுவில் வந்து நின்றது. கியர் விட்டுப்போன வண்டி சரிவில் குபுக்கென்று ஓட ஆரம்பித்தது. கிழவர் பதறி பிரேக்கை மிதிக்க, சக்கரம் மண்ணில் இழுத்துக்கொண்டு போய் வயல் வரப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கீழே இரண்டு ஆள் உயரப் பள்ளம்.

முப்பது வருஷம் வண்டி பார்த்தவன், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மலை டிரைவர் எல்லோருக்கும் இடது கை கியர் தலையில்தான் இருக்கும். ஐம்பதடிக்கு ஒரு வளைவு வருகிற ஊரில் கையை எடுத்து வேறு எங்கே வைப்பது? அந்தக் கை அங்கே இருந்ததை நானும் பார்த்தேன். கல்லை எடுத்துவிட்டுப் பார்க்கத் தெரிந்த எனக்குக் கையை எடுத்துவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சண்முகராஜ் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சத்தியமா எனக்குத் தெரியாது பாண்டி. வேலப்பர் மேல ஆணை” என்றார். “எப்ப இருந்து புடிக்க ஆரம்பிச்சேன்னே தெரியலையே. தூங்குறப்ப எதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குறீகன்னு எம்பொண்டாட்டி கேப்பா. இதத்தான் போலருக்கு. கோளாறு இருக்குற வண்டிய நல்ல வண்டின்னு சொல்லிட்டேனே தாயி.”

“ஒரு கை வண்டின்னு சரியாத்தான சொன்னீக” என்றாள் மகாராணி. கோபமாகச் சொல்லவில்லை. “ஒரு கைய அதுக்கே குடுத்துரணும்.”

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு வருஷமாக அவள் இந்த உலகத்தில் கைகளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. டீ கிளாஸ் தூக்குகிற கை, பஸ் கம்பியைப் பிடிக்கிற கை, சட்டைப் பொத்தான் மாட்டுகிற கை, எல்லாமே அவளுக்கு இடது கைதான்.

“இது ஒரு பெரிய விசயமா?” என்று காசிநாதன் கீழே குதித்தான். “மலையில ஓடுற பாதி வண்டி இப்படித்தான். ஐயா பதினோரு வருசம் புடிக்கலையா? நான் புடிச்சுக்கிறேன். தள்ளுங்க, நான் ஓட்டுறேன்.”

மகாராணி அவனைப் பார்த்தாள். உங்களால முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்றாம் மனுஷர் முன்னால் அதை அவள் சொல்ல மாட்டாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

கிழவரே வண்டியை ஊருக்குள் கொண்டுவந்து கொடுக்க, சமதளத்தில் ஒரு பர்லாங் ஓட்டினான். பதினாலு வருஷ டிரைவர். ஸ்டியரிங் அவனுக்கு வேலைக்காரன் மாதிரி பணிந்தது என்று சொல்ல மாட்டேன், பழகிய நாய் மாதிரி பணிந்தது. கியரை முன்னால் தள்ளுகிறபோது உள்ளங்கையால் தள்ளிவிட்டான். பின்னால் இழுக்கிறபோதுதான் விரல் வேண்டும். மணிக்கட்டை லிவருக்கு முன்னால் கொக்கி மாதிரி கொடுத்து இழுத்தான். ஒரு தடவை வந்தது. இரண்டாவது தடவை வழுக்கிக்கொண்டு போயிற்று. நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். நான் வெளியே பூண்டு வயலைப் பார்த்துக்கொண்டேன்.

இறங்கியதும் நான்தான் பேசினேன். “புடிச்சுக்கிட்டு ஓட்டுறதுக்கு மெக்கானிக் எதுக்கு? கியர் பெட்டிய எறக்குனா ஒரு நாள் சோலி. உள்ள ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் தேஞ்சிருக்கும், கியரத் தள்ளுற கவையும் தேஞ்சிருக்கும். மாத்திட்டா கையத் தலைக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு எறங்கலாம். மத்தபடி வண்டி தங்கம்.”

“பெட்டிச் செலவு என்னோடது” என்றார் சண்முகராஜ் உடனே. “நானே கொண்டாந்து ஒங்க பட்டறையில விடுறேன். என் கையத்தான் அதுக்குத் தெரியும்.”

உள்ளே கூட்டிப்போய் அவர் மனைவி சூடாகக் கேப்பைக் களியும் கீரையும் போட்டார். காசிநாதன் நாலு கவளம் எடுத்தான். அவன் கண் வாசலில் நின்ற வண்டியிலேயே இருந்தது.

பட்டறையில் பெட்டியை இறக்கினேன். நான் சொன்னதேதான், குண்டு, ஸ்பிரிங், கவை. மாற்றினேன். அதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலே லிவரை வெட்டி நாலு அங்குலம் நீட்டி ஒட்டவைத்தேன். உச்சியில் மாமூல் குமிழுக்குப் பதில் பலா மரத்தில் பெரிதாக ஒன்றைக் கடைந்து, மணிக்கட்டு பதிகிற மாதிரி குழி கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. வண்டியை எடுக்க வந்தபோது காசிநாதன் அதைத் தடவிப் பார்த்தான். “குமிழு நல்லாருக்கு மச்சான்” என்றான். அவ்வளவுதான். அதற்கு முன்னால் நானே பழனி மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பார்த்திருந்தேன், கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு. லிவர் மயிரிழை அசையவில்லை.

சித்திரை சீசன் வந்தது. ஒரு நாள் பேத்துப்பாறைப் பக்கத்துக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, “என்ன பாண்டி, காசிநாதன் வண்டிப் பெட்டிய ஒழுங்காப் பாக்கலையாமே. இன்னும் கியரு கழண்டுக்குதாம்ல” என்றார். சிரித்துச் சமாளித்தேன். மறுவாரம் இன்னொருவர் சொன்னார். அப்புறம் டீக்கடையில் சொன்னார்கள். என் வேலையில் குறை சொல்வதா? அதுவும் நான் கையால் குமிழ் கடைந்து கொடுத்தவன் சொல்வதா? கொதித்துப் போய் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் முகத்துக்கு நேரே பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டு, இனி என் பட்டறைப் பக்கம் வராதே என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

பேத்துப்பாறை விலக்கில் ஜீப் நின்றது. கூலிக்குப் போகிற பெண்கள் எட்டுப் பேர் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். காசிநாதன் ஸ்டியரிங்கில். முன் சீட்டில் அவனுக்கு இடது பக்கம் மகாராணி. என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி சுண்டிப்போயிற்று.

“ஏறுங்க மச்சான்” என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. நான் பின்னால் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. காசிநாதன் கிளட்சை மிதித்து “ம்” என்றான். மகாராணியின் வலது கை குமிழைப் பிடித்து முன்னால் தள்ளியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி “ம்” என்றான். அவள் பின்னால் இழுத்தாள். பல் உரசுகிற சத்தம் துளிகூட இல்லை. சில டிரைவர்களுக்கு வருஷக் கணக்கில் ஆகிற பதம் அது. இறக்கம் வந்தது. இரண்டாவது கியரில் வண்டி இறங்கியது. அவள் கை குமிழிலேயே இருந்தது. அவன் இடது கை ஸ்டியரிங் மேல் சும்மா சாய்ந்திருந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருக்கிறது, “ஏன்க்கா, நீங்க எதுக்கு அதப் புடிச்சுக்கிட்டே வாரீக?” என்று கேட்டாள்.

“கியரு கழண்டுக்கும்” என்றான் காசிநாதன், மகாராணி வாய் திறப்பதற்கு முன்னால். “பழைய பெட்டி. யாராச்சும் புடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

“மெக்கானிக்குக் காட்டலையா டிரைவரே?”

மகாராணி தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் அவள் கண் என்னைப் பார்த்தது. காசிநாதன் காது மடல் சிவந்திருந்தது. என் மடியில் ஸ்பேனர் பை கனத்தது. மனசுக்குள் ஒரு மலையே ஏறி இறங்கியது.

“நான்தாம்மா அந்த மெக்கானிக்கு” என்றேன். “எறக்கிப் பாத்தாச்சு. எண்பத்தெட்டு மாடல் பெட்டி, அது அப்படித்தான். பெங்களூருக்கே கொண்டு போனாலும் நிக்காது. புடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும்.”

“ம்” என்றான் காசிநாதன். மகாராணி கியரை மாற்றினாள்.

பூண்டுக் கிடங்கில் பெண்கள் இறங்கிப் போனார்கள். காசிநாதன் பின் கதவைச் சாத்தப் போனபோது மகாராணி என்னிடம் மெதுவாக, “வண்டி எடுத்துட்டு வந்த அன்னைக்கே, இன்னும் லேசாக் கழலுதுங்க, நான் புடிச்சுக்கிறேன்னு சொன்னேண்ணே. சரின்னுட்டாரு. அதுக்கப்புறம் நாங்க அதப் பத்திப் பேசுனதில்ல. ஒங்க பேரு கெட்டுப்போச்சு” என்றாள்.

“போகுது விடு, தங்கச்சி. தொழில்னா நாலு சொல்லுவாங்கெ” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். இப்போதும் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கத்தான் கேட்கிறார்கள். என் தலைக்கனத்துக்கு அது ஆகாதுதான். இருந்தாலும் கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்: முப்பது வருஷத்தில் என்னால் சரிபண்ண முடியாமல் போனது அந்த ஒரு பெட்டிதான்.